குளிர்ந்த கடலிலும் மீத்தேன் உண்ணப்படுகிறது

‘ஆர்க்டிக் கரையோர நீர் மிகவும் குளிர்ந்தது, அதில் நுண்ணுயிர்கள் செயல்படாது, கடலடியில் கசியும் மீத்தேன் முழுவதும் காற்றுக்குப் போய்விடும்’ என்று சிலர் பகிர்ந்திருக்கிறார்கள். மீத்தேன் புவியைச் சூடாக்கும் வாயு என்பதால் கவலை நியாயமானதுதான், ஆனால் நடுவில் சொன்ன காரணம் சரியல்ல.

ஆர்க்டிக்கில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே உள்ள கசிவுப் பகுதியில் இதை அளந்திருக்கிறார்கள். மீத்தேனை உண்ணும் பாக்டீரியா அங்கே குளிர்ந்த அடிநீரில்தான் அதிகம். வெதுவெதுப்பான நீரோட்டம் வந்து அந்த நீரைத் தள்ளிவிடும்போதுதான் மீத்தேன் உண்ணப்படுவது வெகுவாகக் குறைகிறது. அதாவது, இங்கே தடை குளிர் அல்ல.

அளக்கும் முறையும் ஊகம் சார்ந்தது இல்லை. கடல்நீரைக் குமிழி இல்லாமல் குப்பியில் அடைத்து, ட்ரிடியம் (கதிரியக்கமுள்ள ஹைட்ரஜன்) கலந்த மீத்தேனைத் துளி அளவு செலுத்தி, கடலின் அதே குளிரில் இருட்டில் வைப்பார்கள். நுண்ணுயிர் மீத்தேனை உண்டால் ட்ரிடியம் நீர் மூலக்கூறுக்கு மாறும். மிச்ச மீத்தேனை வெளியேற்றிவிட்டு நீரில் உள்ள கதிரியக்கத்தை எண்ணினால் வேகம் கிடைத்துவிடும். நஞ்சிட்டு உயிர்களைக் கொன்ற குப்பியும் பக்கத்திலேயே இருக்கும், அந்த அளவைக் கழித்துவிடுவார்கள். எனக்கு நம்பிக்கை தருவது இந்த ஒப்பீடுதான்.

சரிபார்க்க நினைப்பவர்கள், நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் 2015-ல் வந்த ஸ்வால்பார்டு ஆய்வின் சுருக்கத்தைப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.