‘பிறகு வந்தவர்கள்’

அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். எனக்கே நாலு பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது. மஸ்ஜித் ஜாமேக்கின் பின்புறம், இரண்டு ஆறுகளும் கலக்கும் இடத்தில் நின்றுகொண்டு, “மலாய்க்காரர்கள் நிலத்தைத் தந்தார்கள், சீனர்கள் ஈயத்தைத் தோண்டினார்கள், ஆங்கிலேயர்கள் நகரத்தைக் கட்டினார்கள், இந்தியர்கள் பிறகு வந்தார்கள்” என்று நகர வரலாற்று நடை ஒன்றின் வழிகாட்டி ஒரே மூச்சில் கோலாலம்பூரின் கதையை முடித்துவிட்டார். கூட்டம் தலையாட்டியது. நம்மவர்கள் சிலரும் அதற்கு இதயக்குறி போட்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் ஆற்றைக் காட்டித்தானே பேசினார்? ஆற்றிலிருந்தே தொடங்குவோம். 1857-இல் கிள்ளானை ஆண்டுவந்த ராஜா அப்துல்லா அங்கிருந்து 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்களை ஆற்றின் மேல்பகுதிக்கு அனுப்பினார். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடம் வரைக்கும்தான் படகு வந்தது. அதற்குமேல் காட்டுக்குள் நடந்தே அம்பாங்கை அடைந்தார்கள், மலேரியாவில் பெரும்பாலோர் மாண்டுபோனார்கள். படகு நின்ற இடத்தில் கடை வந்தது, கடை வந்த இடத்தில் ஊர் வந்தது. அதாவது, இதற்குமேல் ஏற்றிச் செல்ல முடியாது என்று ஆறு கைவிரித்த இடம்தான் நம் தலைநகரம். கீழே கிள்ளான் வரையிலும் அது வளைந்து வளைந்து ஓடிய, ஆழமற்ற ஆறு. போதாக்குறைக்குச் சுரங்கங்கள் கழுவிவிட்ட மணல் ஆற்றுப் படுகையில் படிந்து அதை மேடாக்கிக்கொண்டே இருந்தது. 1880-இல் சிலாங்கூரின் தலைநகரத்தைக் கிள்ளானிலிருந்து இங்கே மாற்றினார்கள். மறு ஆண்டே, ஒரே ஆண்டில், தீயும் பிடித்தது, வெள்ளமும் வந்தது.

இந்த ஆற்றை நம்பி ஒரு தலைநகரம் பிழைத்திருக்க முடியாது. இங்கிருந்து, கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கு 1886-இல் ஓடத் தொடங்கிய ரயில்தான் இதை நகரமாக்கியது. கன்னாட் பாலம் கட்டப்பட்டு 1890-இல் அந்தப் பாதை கிள்ளானுக்குள் நுழைந்தது. 1901-இல் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகமே திறந்தார்கள். அந்தப் பாதைக்குக் காட்டை வெட்டி, மண் சுமந்து, கட்டை இறக்கி, சல்லி கொட்டியவர்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள் எத்தனை பேர்? நிலையங்களில் கணக்கு எழுதியவர்களிலும் சமிக்ஞை பார்த்தவர்களிலும் யாழ்ப்பாணத்தார் எத்தனை பேர்? இவர்கள் ‘பிறகு’ வந்தார்கள் என்றால், எதற்குப் பிறகு? நகரம் என்ற ஒன்று உருவாவதற்கு முன்பே வந்தவர்களை எந்தக் கணக்கில் பிறகு வந்தவர்கள் என்கிறீர்கள்?

இந்திய முஸ்லிம்களின் மஸ்ஜித் இந்தியா மரத்தாலான பள்ளிவாசலாக எழுந்தது 1863-இல். நம் மகா மாரியம்மன் கோயில் தொடங்கியது 1873-இல். அதாவது தலைநகரம் இங்கே மாறுவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே. அந்தக் கோயிலோடு பெயர் இணைந்த தம்புசாமி பிள்ளை அரசுக் கருவூலத்தில் இருந்தவர். சீனத் தொழிலதிபர் லோக் இயூவுடன் கூட்டுச் சேர்ந்து ராவாங்கில் ஈயச் சுரங்கமும் நடத்தினார். ஈயம் தோண்டியவர்கள் சீனர்கள் மட்டும்தான் என்று பாடம் நடத்துகிறவர்கள் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? விக்டோரியா பள்ளியை 1893-இல் தொடங்கி வைத்தவர்களிலும் அவர் ஒருவர். ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பழைய பள்ளிக்கூடமும் 1926 பெருவெள்ளத்துக்குத் தப்பவில்லை. அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் ஆற்றை நேராக வெட்டினார்கள். இன்று நீல விளக்குப் போட்டுப் படம் எடுக்கிறீர்களே, அந்தக் கரை அதற்குப் பிறகு மனிதக் கை கட்டிய கரை.

என் அப்பா ரயில்வேயில் கீமேன். தோளில் சுத்தியலும் பெரிய ஸ்பேனருமாகத் தண்டவாளத்தின் மீதே நடந்து, தளர்ந்த ஆணிகளை இறுக்கிக்கொண்டு போவதுதான் வேலை. 1971 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸுக்குள் தண்ணீர் ஏறியபோது, அம்மா அரிசி மூட்டையையும் முருகன் படத்தையும் அலமாரி மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். அப்பா லைனைப் பார்க்கப் போய்விட்டார். ஓரிடத்தில் சல்லியும் மண்ணும் அரித்துக்கொண்டு போய், கட்டைகளோடு தண்டவாளம் ஏணிபோல அந்தரத்தில் தொங்கியதை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டை விட்டுவிட்டா போனீர்கள் என்று அம்மாவும் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள், அது வேறு கதை. அந்த மனிதரைப் ‘பிறகு வந்தவர்’ என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நான் இதயக்குறி போட வேண்டுமாம்.

சிலர் இப்போதே தயாராக இருப்பீர்கள்: “அப்படியானால் கப்பித்தான் யாப் ஆ லோயின் பங்கை மறுக்கிறீர்களா?” நான் எங்கே மறுத்தேன்? சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் பாழாகிக் கிடந்த ஊரை மறுபடி எழுப்பிய சீனத் தலைவர் அவர். சுமத்ராவின் மண்டைலிங் வணிகர் சுத்தான் புவாசாவைப் பற்றிப் பேசுகிறவர்களையும் நான் மதிக்கிறேன். நிறுவியவர் யார் என்று அவர்கள் இருதரப்பும் அடித்துக்கொள்ளட்டும். அந்தச் சண்டைக்குக்கூட நம்மை யாரும் அழைப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். எண்ணிக்கையில் சீனர்களே அன்று மிகுதி, உண்மைதான், அதற்கென்ன?

“வெள்ளைக்காரன் கூலியாகக் கொண்டுவந்தான், இதில் என்ன பெருமை?” என்று கேட்கும் முற்போக்காளர்களுக்கு: பெருமை யார் கேட்டது ஐயா? கணக்குக் கேட்கிறேன். ஆங்கிலேயர்கள் கட்டினார்களாம். கட்டடக் கலைஞர் ஹப்பேக் துரை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மஸ்ஜித் ஜாமேக்குக்குச் செங்கல் அடுக்கினார் போலும்! இலங்கையில் வேலை பார்த்துவிட்டு வந்த பொறியாளர் ஸ்பூனர் துரைதான் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்குச் சாந்து குழைத்திருப்பார்! வரைந்தவன் பெயர் கல்வெட்டில் இருக்கிறது, சுமந்தவனுக்குப் ‘பிறகு’ என்று ஒரு வார்த்தை.

இனவாதம் பேசுகிறேன் என்று எழுதப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், பதில் எழுதமாட்டேன். கேட்டு நின்ற நாற்பது பேரை மூன்று இனமாகப் பிரித்து நிற்கவைத்துப் பேசியவர் அந்த வழிகாட்டிதான். அந்த வரிசையில் நமக்குக் கடைசி இடம் கிடைத்ததும் நாம் ‘வாயை மூடினால் ஒற்றுமை’ என்கிறோம். நம் பிள்ளைகளே இன்று அதைக் கேட்டுவிட்டு, “அப்பா, நாம் எப்போது வந்தோம்?” என்று விருந்தாளியைப் போலக் கேட்கிறார்கள். என் மகள் கேட்டாள். செந்தூல் ரயில்வே பட்டறையையும், வட்டித்தொழில் நடந்த லெபோ அம்பாங் செட்டியார் கிட்டங்கிகளையும் கூட்டிப்போய்க் காட்டினேன். கிட்டங்கி வாசலில் ஒரு பலகைகூட இல்லையே என்றாள். எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வரிசை வீடுகளை இடித்தபோதும் இப்படித்தான் நின்றேன்.

அந்த நடையை நடத்துபவர்களுக்கு, மரியாதையாகவே, இந்த ஆண்டுகளையெல்லாம் குறித்து ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. அடுத்த நடைக்குப் பணம் கட்டிப் பெயர் கொடுத்திருக்கிறேன். கேள்வி கேட்க நேரம் விடுவார்களா என்பதை மட்டும், போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.