தேத்தண்ணி குடிக்காத தம்பி

போன டிசம்பரில் பெங்களூரிலிருந்து என் சித்தப்பா மகன் வந்திருந்தான். இலங்கை மலையகத் தமிழரில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், தலைமன்னாரில் கப்பலேறிப் போன குடும்பம் அது. கோத்தகிரியில் குடியேறி, அங்கேயும் தேயிலைக்குள்ளேயே கிடந்து, பிள்ளையைப் படிக்க வைத்துவிட்டார்கள். தம்பி ஹட்டனைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "அப்பா பொறந்த லயத்தைக் காட்டுங்க அக்கா" என்று வந்து இறங்கியதுமே கேட்டான்.

அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். வேலையை விட்டு எவ்வளவோ காலமாகியும் விரல் வெடிப்புகளில் அந்தக் கறுப்புக் கறை போகவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தேத்தண்ணி, பிறகுதான் பேச்சு. இஞ்சி தட்டிப் போட்டு, நல்ல சாயமாக ஊற்றி நீட்டினார். தம்பி இரண்டு கையாலும் வாங்கி, அப்படியே பக்கத்தில் வைத்தான்.

"பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க. நான் டீ குடிக்கிறதில்ல."

"ஏன் ராசா, வயித்துக்குச் சரியில்லையா?"

"இல்ல பெரியம்மா. எங்க சபையில குடிக்க மாட்டோம்."

எந்தச் சபை என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நான்கு வருஷத்துக்கு முன் வேலையிடத்துச் சிநேகிதன் ஒருவனோடு போய், திரும்ப ஞானஸ்நானம் எடுத்து, இப்போது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் இருக்கிறான். ஊர் அறிந்த பெயர் மார்மன். அந்தப் பெயர் வேண்டாம், முழுப் பெயரையே சொல்லுங்கள் என்று 2018ல் அவர்களுடைய தலைவர் கேட்டுக்கொண்டாராம். பதிவு ஏற்கனவே நீளம், அதனால் நான் சின்னப் பெயரையே எழுதுகிறேன். தம்பி இதைப் படித்தால் மன்னிக்கட்டும்.

சபை மாறியதை அம்மா எப்படியோ தாங்கிக்கொண்டார். தேத்தண்ணி குடிக்காததைத்தான் தாங்க முடியவில்லை. கடைசியில் கொத்தமல்லி அவித்த தண்ணியில் சமாதானம் ஆனது. மூலிகைத் தண்ணிக்குத் தடையில்லையாம்.

அந்தத் தடை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சும்மா கேட்டதுதான். ஆனால் அவன் இருந்த பத்து நாளும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே ஓடின.

1833 பெப்ரவரி 27. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கேர்ட்லண்ட் என்ற ஊர். சபையை ஆரம்பித்த ஜோசப் ஸ்மித்தின் வீட்டு மாடியில் ஆண்கள் கூடி வேதம் படிப்பார்கள். படித்துக்கொண்டே சுங்கான் பிடிப்பார்கள், புகையிலை மென்று தரையில் துப்புவார்கள். கழுவுவது மனைவி எம்மா. அவர் சலித்துப்போய் முறையிட்டதும், ஜோசப் கடவுளிடம் கேட்டார் என்று, அவருக்குப் பிறகு தலைவரான பிரிகாம் யங் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வந்த பதில் 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' என்ற அவர்களுடைய வேத நூலில் 89ஆம் பகுதியாக இருக்கிறது. புகையிலை வேண்டாம், மது வேண்டாம், 'சூடான பானங்கள்' உடலுக்கு ஆகாது. சூடான பானம் என்றால் தேயிலையும் கோப்பியும் என்று தலைவர்கள் விளக்கம் சொன்னார்கள். முதலில் அது கட்டளை இல்லை, ஆலோசனைதான். 20ஆம் நூற்றாண்டில்தான் அவர்களுடைய கோவிலுக்குள் போவதற்கே அது நிபந்தனையானது.

கோப்பியும் தேயிலையும்! மலையகத்தின் மொத்தச் சரித்திரமும் அந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். அந்த வெளிப்பாடு வந்த காலத்தில் இங்கே கோப்பித் தோட்டம் போட ஆரம்பித்துச் சுமார் பத்து வருஷம்தான் ஆகியிருக்கும். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது 1867ல். நம் ஆட்களுக்குச் சோறு போட்ட இரண்டு செடியையும் கடவுள் முன்கூட்டியே தள்ளி வைத்துவிட்டாரா என்று கேட்டுச் சிரித்தேன். தம்பி சிரிக்கவில்லை.

"ஒரு பொண்ணு தரையைக் கழுவிக் கழுவிச் சலிச்சு முறையிட்டிருக்கா. கடவுள் பதில் சொல்லியிருக்கார். உங்க கடவுள் கடைசியா எப்ப பதில் சொன்னார் அக்கா?"

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள். இருந்தும் சட்டென்று வாய் வரவில்லை. பாடத்தில் உள்ள பதில் தெரியும். அவன் கேட்ட விதத்துக்கு அது போதாது.

பாடத்தில் உள்ள பதில் இதுதான். 1965 நவம்பர் 18ல், உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'இறைவெளிப்பாடு' என்ற கோட்பாட்டு ஏடு, ஆண்டவர் மாட்சியோடு திரும்ப வரும்வரை புதிய பொது வெளிப்பாடு, அதாவது எல்லோரும் ஏற்றாக வேண்டிய வெளிப்பாடு, எதையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்கிறது. கடவுள் வாயை மூடிக்கொண்டார் என்று இதற்கு அர்த்தமில்லை. எங்களுக்கு வெளிப்பாடு என்பது முதலில் ஓர் ஆள், இயேசு. அவரையே தந்துவிட்ட பிறகு மிச்சம் வைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? 16ஆம் நூற்றாண்டில் புனிதர் சிலுவை யோவானும் இதைத்தான் சொன்னார்: தம் மகனைத் தந்ததிலேயே கடவுள் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பேசிவிட்டார். அதைத் திருத்தூதர்கள் எழுத்திலும் திருமரபிலும் கையளித்தார்கள். அவர்கள் வழிவந்த ஆயர்கள் காக்கிறார்கள், விளக்குகிறார்கள். கூட்டவோ குறைக்கவோ அவர்களுக்கு உரிமையில்லை.

தம்பி கணக்கு வேறு. திருத்தூதர்கள் இறந்ததோடு அந்த அதிகாரமே பூமியில் அறுந்துபோனது. 1820ல் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு தோப்பில் பதினான்கு வயதுப் பையன் ஜோசப் முழங்காலிட்டபோதுதான் வானம் திரும்பத் திறந்தது. 1830 மார்ச்சில் மார்மன் புத்தகம் அச்சாகி வந்தது, ஏப்ரல் 6ல் சபை ஆரம்பமானது. அன்றிலிருந்து இன்றுவரை தலைமையில் உள்ளவர் தீர்க்கதரிசி. "நோவாவுக்குப் பேழை கட்டச் சொன்னது நோவாவுக்கு. நமக்கு நம்ம காலத்துக்கு உள்ளதைச் சொல்ல வேண்டாமா?" என்று கேட்டான். கைப்பேசியில் ஆமோஸ் 3:7ஐ எடுத்து வாசித்தான். தீர்க்கதரிசிகளுக்குத் தம் இரகசியத்தை வெளிப்படுத்தாமல் கர்த்தர் ஒன்றும் செய்யார் என்கிற வசனம். நான், இந்தக் கடைசி நாட்களில் தம் மகன் வழியாகப் பேசினார் என்கிற எபிரேயர் முதல் அதிகாரத்தைக் காட்டினேன். அன்று கூட்டல் கழித்தலில் யாரும் ஜெயிக்கவில்லை. ஆனால் எனக்குக் கொஞ்சம் வலித்தது. அந்த 'அறுந்துபோனது' என்ற ஒரு சொல்லுக்குள் என் அப்பாயி குளிரில் நடந்து போய்ப் பார்த்த அத்தனை பூசையும் விழுந்துவிடுகிறதே.

இரண்டாவது நாள் சாயந்தரம் தோட்டத்துக் கெபிக்குப் போனோம். லூர்து மாதா சொரூபம். இடைக்கச்சை நீலம் வெளுத்து, மூக்கு நுனியில் பெயின்ட் உரிந்து, காலடியில் மெழுகுதிரி உருகி உருகித் திட்டாகப் படிந்திருந்தது. அம்மா ஒன்று கொளுத்தி, காற்றுக்கு அணையாமல் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுவும் வெளிப்பாடுதானே அக்கா? 1800க்குப் பிறகு வானத்துல இருந்து ஆள் வந்து பேசியிருக்கு. அப்ப உங்களுக்கும் திறந்துதானே இருக்கு?"

நல்ல கேள்வி. 1858ல் லூர்தில் பேர்னதெத் என்ற பிள்ளைக்குப் பதினெட்டுத் தடவை காட்சி கிடைத்தது. மார்ச் 25ல் அந்தப் பெண்மணி 'நாமே அமல உற்பவம்' என்றார். ஆனால் மாதா பாவ மாசில்லாமல் உற்பவித்தார் என்கிற அந்தக் கோட்பாட்டைப் பாப்பரசர் 9ஆம் பத்திநாதர் அறிவித்தது 1854ல், நான்கு வருஷம் முந்தி. லூர்து புதிதாக ஒரு வரியும் சேர்க்கவில்லை. திருச்சபை இதற்கு வைத்த பெயர் தனி வெளிப்பாடு. திருச்சபை ஒரு காட்சியை அங்கீகரித்தால், நம்பலாம், ஆபத்தில்லை என்று அர்த்தம். நம்பித்தான் ஆகவேண்டும் என்று அர்த்தமில்லை. "லூர்தையும் பாத்திமாவையும் நம்பாமலே ஒருவர் நல்ல கத்தோலிக்கராக இருக்கலாம்" என்று சொல்லி வாய் மூடவில்லை, அம்மா திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"மாதாவை நம்பாதவனும் கத்தோலிக்கனா? யாருடி உனக்கு இப்பிடிப் படிச்சுக் கொடுத்தது?"

தம்பி விடவில்லை. "கட்டாயமில்லாத ஒண்ணுக்கா இத்தனை மெழுகுதிரி?"

ஆமாம் தம்பி, கட்டாயமில்லாத ஒன்றுக்குத்தான். இரண்டு சபைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அங்கேதான், அந்த மெழுகுத் திட்டுக்கு முன்னால் பளிச்சென்று தெரிந்தது. லூர்தைக் கழற்றிவிட்டாலும் கத்தோலிக்கத் திருச்சபை நிற்கும், மடு, தேவத்தை மாதா கோவில்களுக்குச் சனம் போய்க்கொண்டுதான் இருக்கும். 1820ஆம் வருஷத் தோப்பைக் கழற்றினால் மார்மன் சபை ஒரு நாளும் நிற்காது. எங்களுக்கு ஓரத்தில் இருக்கிற காட்சி, அவர்களுக்கு அத்திவாரம். கடவுள் இன்றும் பேசுவார் என்று இரண்டு பேரும்தான் நம்புகிறோம். இன்று கேட்ட ஒன்றை உலகம் முழுவதும் ஏற்றாக வேண்டும் என்று சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டா என்பதில்தான் பிரிகிறோம்.

அவர்களிடமும் எல்லோருக்கும் அந்த உரிமை கிடையாது. தம்பியே சொன்ன கதை: 1830ல் ஹைரம் பேஜ் என்பவர் ஒரு கல்லை வைத்துக்கொண்டு, சபைக்கு எனக்கும் வெளிப்பாடு வருகிறது என்றார். சபை முழுவதற்கும் ஜோசப் ஒருவருக்குத்தான் வரும் என்று தீர்ப்பாகிவிட்டது. மற்றவர்களுக்கு அவரவர் பொறுப்பின் அளவுக்கு. குடும்பஸ்தனுக்குக் குடும்பத்துக்கு, சபை மூப்பருக்கு அந்தச் சபைக்கு. எனக்கு நம் தோட்டத்துத் திருவிழாதான் ஞாபகம் வந்தது. உடுக்கு அடிக்க அடிக்க நாலு பேருக்குச் சாமி வரும். குறி கேட்கப் பூசாரியிடம்தான் போவார்கள். "பாத்தியா, உங்களுக்கும் ஒரு பாப்பரசர் தேவைப்பட்டிருக்கிறார்" என்றேன்.

"ஆனா எங்க பாப்பரசருக்குக் கடவுள் பேசுவார்" என்றான்.

இந்த இடத்தில் அம்மாவும் அவன் பக்கம் சேர்ந்துவிட்டார். பாப்பரசருக்குக் கடவுள் நேரடியாகச் சொல்வார் என்றுதான் அம்மா இத்தனை வருஷமாக நினைத்திருக்கிறார். என் வகுப்புப் பிள்ளைகளும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பாப்பரசர் தவறாவரம் உள்ளவர் என்று அறிவித்த 1870ஆம் வருஷத்து முதலாம் வத்திக்கான் சங்க ஏடே இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: பேதுருவின் வழிவந்தவர்களுக்குத் தூய ஆவியார் வாக்களிக்கப்பட்டது புதிய படிப்பினையை வெளிப்படுத்துவதற்கு அல்ல, கையளிக்கப்பட்டதைப் பத்திரமாகக் காத்து விளக்குவதற்கு. உயில் எழுத அவரால் முடியாது, இருக்கிற உயிலை வாசித்துச் சொல்லத்தான் முடியும்.

சரி, எனக்கு எது நியாயமாகப் படுகிறது? என்னுடையதுதான். ஆனால் எங்கள் பங்கில் சிலர் நினைக்கிற மாதிரி அது அவ்வளவு சுலபமான வாதம் இல்லை.

தொடர்ந்து வரும் வெளிப்பாட்டில் என்ன சங்கடம் என்றால், நேற்று வந்ததை இன்று வருவது தள்ளிவிடும். பலதார மணத்தைக் கடவுள் சொன்னார் என்றார்கள். 1890ல் அப்போதைய தலைவர் வில்பர்ட் வூட்ரவ் நிறுத்தச் சொன்னார், அதுவும் கடவுள் சொல்லித்தான். கறுப்பின ஆண்களுக்கு 1852 முதல் குருத்துவம் மறுக்கப்பட்டது. 1978 ஜூனில் வெளிப்பாடு கிடைத்தது என்று அந்தத் தடை எடுக்கப்பட்டது. 1948ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றுப்போனவரின் பேத்தி நான். பிறப்பை வைத்து ஒரு சனத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்திவைத்த கதையைச் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு முடியாது. தம்பி மழுப்பவில்லை. தலைவர்களும் மனுஷங்கதான், கேட்டால்தான் கடவுள் சொல்வார், அவங்க கேட்கத் தாமதித்தார்கள் என்றான்.

அப்புறம் திருப்பிக் கேட்டான். "நீங்க மாத்தவே இல்லையா?"

2018ல் மரண தண்டனையை ஏற்கவே முடியாது என்று மறைக்கல்வி ஏட்டைத் திருத்தினோம். முன்பு ஏற்றிருந்தோம். இதைப் படிப்பினையின் வளர்ச்சி என்கிறோம். விதை மரமாவது மாதிரி. சில சமயம் அது உண்மை. சில சமயம், தப்பை ஒத்துக்கொள்ளாமல் நழுவுவதற்கு நல்ல சொல். கிறிஸ்துவுக்குள் அடிமை என்றும் உரிமைக் குடிமகன் என்றும் இல்லை என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதிய கடிதம் முதல் நூற்றாண்டிலிருந்தே எங்கள் கையில் இருக்கிறது. இடையிடையே சில கண்டனங்கள் வந்தன, உண்மை. ஆனாலும் பாப்பரசர் 16ஆம் கிரகோரி அடிமை வியாபாரத்தைப் பச்சையாகக் கண்டித்தது 1839ல். இன்னும் வெளிப்பாடு வரவில்லை என்று நாங்கள் சாக்குச் சொல்ல முடியாது. எல்லாம் வந்துவிட்டது என்கிறவர்களுக்குக் குற்றம் இன்னும் கனம்.

அவனிடம் நான் பொறாமைப்பட்ட ஒன்றும் உண்டு. அவர்களில் சின்னப் பிள்ளைக்குக்கூட, நீயே கடவுளிடம் கேள் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். மார்மன் புத்தகத்தின் கடைசியில் மொரோனி பத்தாம் அதிகாரத்தில் அந்த வாக்குறுதி இருக்கிறது: உண்மையான மனதோடு கேட்டால் இது மெய்யா என்பதைத் தூய ஆவி காட்டுவார். எங்கள் சனத்துக்கு நாங்கள் பழக்கியது வேறு. எது வந்தாலும் "பங்குச் சுவாமியைக் கேளுங்க".

போவதற்கு முதல் நாள் தன் புத்தகத்தைத் தந்து, ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்கக்கா என்றான். விளையாட்டாக எடுக்கவில்லை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அந்த அதிகாரத்தை வாசித்துவிட்டுக் கேட்டேன். தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டது. வேறொன்றும் வரவில்லை. காலையில் சொன்னேன். "முழு மனசோட கேட்டிருக்க மாட்டீங்க" என்றான். எனக்குக் கோபம் வந்தது. ஆம் என்று வந்தால் கடவுள், வராவிட்டால் கேட்டவள் மேல் குற்றம் என்றால் அது என்ன பரீட்சை? ஆனால் பஸ் வரும்வரை நிற்கும்போது, செபமாலை சொல்லி ஒன்றும் கிடைக்காத பிள்ளைகளிடம் நானும் வகுப்பில் அச்சொட்டாக அதையேதான் சொல்லியிருக்கிறேன் என்று ஞாபகம் வந்தது. அவனிடம் சொல்லவில்லை.

அம்மா சித்திக்கென்று ஒரு கிலோ தூள் கட்டி, மணம் போகாமல் இரண்டு பையில் சுற்றிக் கொடுத்தார். சித்தி இன்னும் கத்தோலிக்கம், இன்னும் ஒரு நாளைக்கு நாலு தடவை தேத்தண்ணி. தம்பி அதை வாங்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு, பையின் அடியில் துணிக்குள் வைத்துக்கொண்டான்.