பால்வாடியும் பள்ளிக்கூடமும் ஒரே கூரையில் இருக்கட்டும்

சுவீடனில் பால்வாடி வயசுப் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தோடு சேர்த்தே நடத்துகிறார்கள் என்ற கட்டுரையை இரண்டு தடவை படித்தேனுங்க. 1996இல் அங்கே குழந்தைப் பராமரிப்பைச் சமூகநலத்திலிருந்து கல்வி அமைச்சகத்துக்கு மாற்றினார்கள். ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு இடம் கேட்டால் உள்ளாட்சி நான்கு மாதத்துக்குள் தந்தாக வேண்டும். 2002இல் கட்டணத்துக்கு உச்சவரம்பும் வந்தது.

நம்ம ஊரில் அங்கன்வாடி சமூகநலத் துறையிடம், ஒன்றாம் வகுப்பு பள்ளிக்கல்வித் துறையிடம். கட்டாயக் கல்விச் சட்டமும் 6 வயதில்தான் தொடங்குகிறது.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பதினோரு வருஷம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டியவள். வேலை விட ராத்திரி எட்டு மணி. அங்கன்வாடியோ சாயங்காலமே பூட்டிவிடும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017இல் சட்டம் திருத்தினார்கள். எங்கள் கம்பெனியில் அந்த அறையில் நூல் கோன் அடுக்கியிருந்தது. என் மகளைப் பக்கத்து வீட்டு அப்பத்தாதான் வளர்த்தார். பாவம், அவருக்கும் முட்டிவலி.

1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தைக் குறைசொல்ல மனசு வரவில்லை. முட்டையும் சத்துமாவும் கொடுத்து எத்தனையோ பிள்ளைகளைத் தேற்றியது அதுதான். 2019இல் நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அதை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் கொண்டுவாங்க. ஷிப்ட் முடியும் வரை திறந்தும் வையுங்க.