மாமா கேட்ட கேள்விக்கு

ஞாயிற்றுக்கிழமை காட்பாடி கல்யாணப் பந்தியில் நடந்ததைப் பார்த்தவர்கள் பார்த்தீர்கள். "கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்குறான்" என்று அத்தனை பேர் முன்னால் மாமா சொன்னார். இலையில் பாதிச் சோறு இருக்க எழுந்து வந்துவிட்டேன்.

நான் சொன்னது ஒன்றுதான். தூக்குத் தண்டனை அரசியலமைப்புக்குப் பொருந்தாது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1980இல் உச்ச நீதிமன்றத்தில் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் தூக்கு செல்லும் என்றார்கள். நீதிபதி பகவதி ஒருவர் மட்டும் செல்லாது என்றார். 1982இல் காரணங்களை விரிவாக எழுதினார். எந்த நீதிபதிகளின் அமர்வு முன்னால் வழக்கு வருகிறதோ அதை வைத்து ஒருவன் பிழைப்பதும் சாவதும் என்றால், அரசியலமைப்பின் 14ஆவது பிரிவின் சமத்துவம் எங்கே, 21ஆவது பிரிவின் உயிருரிமை எங்கே?

"அதெல்லாம் புத்தகத்துல" என்றார் மாமா. இல்லை. உத்தரப் பிரதேசத்தில் ஒரே கொலை வழக்கில் மூன்று பேருக்குத் தூக்கு. ஒருவர் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளியது. 1981 அக்டோபரில் தூக்கிலிட்டார்கள். இன்னொருவருக்கு வேறொரு அமர்வு ஆயுளாகக் குறைத்திருந்தது. இரண்டு பேருக்கும் குற்றத்தில் ஒரே பங்கு. போன உயிரை யார் கொண்டுவருவது?

மறுபடியும் சொல்கிறேன், குற்றத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ராஜீவ் கொலை வழக்கில் 1998இல் பூந்தமல்லி தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றத்தில் அது நாலு பேருக்குத்தான் நின்றது. அவர்களில் மூவருக்கு 2011 செப்டம்பர் 9 என்று நம்ம வேலூர் தொரப்பாடி ஜெயிலில் நாள் குறித்தார்கள்.

எங்கள் கடை அந்த ரோட்டில்தான். கைதிகளை மனு போட்டுப் பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட் வாங்குவது எங்களிடம். "கொன்னவனைக் கொல்லணும்" என்று பேசுகிற அம்மா, ஒரு ராத்திரி ஷட்டரை இறக்கும்போது கேட்டாள்: "விடியக்காலம்தானே போடுவாங்க? நாம எழுந்திரிக்கிறதுக்குள்ள முடிஞ்சிருக்குமா?" ஆகஸ்ட் 30ஆம் தேதி உயர் நீதிமன்றம் தடை கொடுத்த அப்புறம்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

பயம் வேண்டும் என்பார்கள். 1995இல் சேலத்தில் ஆட்டோ சங்கரைத் தூக்கில் போட்டார்கள். அதோடு கொலை நின்றுவிட்டதா?

சரி, மாமா கடைசியாகக் கேட்டது. "உன் வீட்டுல நடந்திருந்தா இப்படிப் பேசுவியா?"

நடந்தது மாமா. வரப்புத் தகராறில் சித்தப்பாவைக் குத்தினார்கள். குத்தினவனைத் தூக்கில் போட வேண்டும் என்று நானும் அன்றைக்குக் கத்தினேன். பாடையின் இன்னொரு பக்கம் நீங்கள்தான் தோள் கொடுத்தீர்கள்.