சிரித்த நாற்பது பேருக்கு

சனிக்கிழமை நம் குழுவின் இணையவழிக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும்; தெரியாதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆகவே முழுவதையும் விவரிக்கப் போவதில்லை. இந்த நாட்டுக்கு வந்து ஓராண்டுகூட நிறையாத, ஐம்பத்து நான்கு வயதான நண்பர் ஒருவர், புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) சோதனைக்கு இங்கே முதலில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். மருத்துவர் ஆசனவாய் வழியாக விரலால் அந்தச் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பதும் உண்டு; அவருக்குப் பதிலாகக் கிடைத்தது அந்த விரலைப் பற்றிய ஒரு நகைச்சுவை. நாற்பது பேர் சிரித்தார்கள். அவர் முதலில் மைக்கை அணைத்தார், சிறிது நேரத்தில் கேமராவையும் அணைத்தார். கூட்டத்தை நடத்தியவர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனவே நான் சொல்கிறேன். அவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்குச் சிரித்தது தவறு.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் நான் இருந்தேன். ஒரே வேறுபாடு, எனக்குக் கூட்டத்தில் கேட்கும் துணிச்சல்கூட இருக்கவில்லை. சிறுநீர் கழிக்க இரவில் நான்கு முறை எழுந்துகொண்டிருந்தேன். நம் பேச்சுவழக்கில் இடுப்புக்குக் கீழே எது பழுதானாலும் அது ‘கிட்னி’தான், சிறுநீரகத்தைப் பார்ப்பவரும் சிறுநீர்ப் பாதையைப் பார்ப்பவரும் நமக்கு ஒரே ‘கிட்னி டாக்டர்’தான். அதையே இந்த ஊர் மொழியில் பெயர்த்து, ‘எனக்குச் சிறுநீரகத்தில் கோளாறு’ என்று குடும்ப மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். அவர் என் சொல்லை நம்பினார், பாவம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்தில் பார்த்தார், சிறுநீரகங்களை ஸ்கேன் எடுக்கச் சொன்னார், இரண்டும் நன்றாக இருக்கின்றன என்று வாழ்த்தி அனுப்பினார். சிறுநீர்ப் பாதையைப் பார்ப்பவருக்கு யூராலஜிஸ்ட் என்று பெயர்; அந்த ஒரு சொல் எனக்குத் தெரியாததால் மூன்று மாதம் போனது.

அந்தச் சொல் தெரிந்த பிறகு நடந்தது அதைவிட மோசம். யூராலஜி பிரிவில் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். உலகம் முழுவதும் பயன்படுத்தப்படும் படிவம் அது: ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை, மொத்தம் 35 மதிப்பெண். எனக்கு மொழி போதாது என்று மகளை உடன் அழைத்துப் போயிருந்தேன். விட்டுவிட்டு வருகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா என்று அவள் என் முகத்தைப் பார்க்காமல் படித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் விரல்களால் எண்ணைக் காட்டினேன். எட்டாவதாகத் தனியே ஒரு கேள்வி உண்டு. மிச்ச வாழ்நாள் முழுவதும் இதே நிலையில் கழிக்க வேண்டும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்பது அது. அவள் பாதியில் நிறுத்தி, ‘அப்பா, இதை நீங்களே போடுங்களேன்’ என்று பேனாவைக் கொடுத்தாள். மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டிருந்தால் இலவசமாகவே ஏற்பாடு செய்திருப்பார்கள் என்பதை அன்று வெளியே வரும்போது சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நம் கூட்டத்தில் இருபது ஆண்டுகளாக இங்கே இருப்பவர்கள் எத்தனை பேர்? ஒருவராவது இதைச் சொல்லியிருக்கலாம். நகைச்சுவைகளுக்கு மட்டும் ஒருபோதும் பஞ்சம் வந்ததில்லை.

பிஎஸ்ஏ என்பது புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம்; இரத்தத்தில் அதன் அளவு கூடினால் புற்றுநோய் இருக்குமோ என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனையில் எனக்கு 6.8 வந்தது. நான்கு என்பதை நீண்ட காலமாக ஒரு எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் நான் உறங்கவில்லை. சோதனைக்குப் போன அன்று காலை நாற்பது நிமிடம் மிதிவண்டி ஓட்டிக்கொண்டு போயிருந்தேன். சிறுநீரில் தொற்று இருந்ததும் பிறகுதான் தெரிந்தது. இரண்டுமே அந்த எண்ணைத் தற்காலிகமாக உயர்த்தக்கூடியவை. தொற்று இருந்தால் ஆறு வாரமாவது கழித்துத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். முந்தைய 48 மணி நேரத்தில் கடுமையான உடற்பயிற்சி, மிதிவண்டி, விந்து வெளியேற்றம் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நேர்மாறான சிக்கல்: சில மாதங்களில் அது பிஎஸ்ஏ அளவைப் பாதியாகக் குறைத்துவிடும், வந்த எண்ணை இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. நானும் சொல்லத் தெரியாமல் இருந்தேன். எட்டு வாரம் கழித்து மீண்டும் எடுத்தபோது 3.9. அதன் பிறகு எம்ஆர்ஐ எடுத்தார்கள். புற்றுநோய் இருக்குமோ என்ற ஐயத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை தரும் புள்ளியில் எனக்கு இரண்டு, அதாவது ஐயம் குறைவு. திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி தேவைப்படவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறேன், அவ்வளவுதான்.

‘பிஎஸ்ஏ சோதனையே ஏமாற்று வேலை, தேவையில்லாமல் வெட்டித் தள்ளுகிறார்கள்’ என்று ஒருவர் வரப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். வரட்டும், அவர் சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2012இல் இந்தச் சோதனையே வேண்டாம் என்றது. 2018இல் 55 முதல் 69 வயது வரையிலானவர்கள் மருத்துவருடன் பேசித் தாங்களே முடிவு செய்யட்டும் என்று மாற்றிக்கொண்டது, எழுபதுக்கு மேல் இன்றும் வேண்டாம் என்கிறது. ஐரோப்பாவில் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் 23 ஆண்டுக் கணக்கு 2025இல் வெளிவந்தது: ஒருவருடைய புராஸ்டேட் புற்றுநோய் மரணத்தைத் தவிர்க்க 456 பேரைச் சோதனைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது, கூடுதலாகப் பன்னிரண்டு பேருக்கு நோய் இருப்பதாகக் கண்டறிய வேண்டியிருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பேரில் பலருக்கு அது ஒரு தொல்லையும் தராமலே போயிருக்கும். பிரிட்டனில் நடந்த இன்னொரு ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்கள், கதிர்வீச்சு எடுத்தவர்கள், வெறுமனே கண்காணிப்பில் இருந்தவர்கள் ஆகிய மூன்று பிரிவினரிலும் பதினைந்து ஆண்டுகளில் இந்த நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ மூன்று விழுக்காட்டினரே. இதையெல்லாம் நானும் படித்தவன்தான். ஆனால் இவை அனைத்தும் என்ன சொல்கின்றன? கேள், பேசு, உன் குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்று சொல், பிறகு முடிவு செய் என்கின்றன. கேட்பவனைப் பார்த்துச் சிரி என்று எந்த ஆய்விலும் எழுதியிருக்கவில்லை.

‘ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாமே’ என்பவர்களுக்கு நீண்ட பதில் கிடையாது. ஒரு தனி எண்ணைவிட அது ஆண்டுக்கு ஆண்டு எப்படி நகர்கிறது என்பதுதான் முக்கியம். வேறு வேறு ஆய்வகத்தில் வேறு வேறு முறையில் எடுத்தால் அந்த ஒப்பீடு கெடும். விடுமுறையின் கடைசி வாரத்தில் 7 என்று வந்தால் என்ன செய்வீர்கள், விமானத்தை நிறுத்துவீர்களா?

‘எந்தத் தொந்தரவும் இல்லாதபோது எதற்கு’ என்பவர்களிடம் மட்டும் சற்றுப் பொறுமையாகப் பேசுவேன், ஏனென்றால் தொந்தரவு வரும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். இரவில் எழுவது பெரும்பாலும் வயதோடு வரும் சாதாரண வீக்கத்தால். புற்றுநோயோ பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்புறத்தில் தொடங்குகிறது. சிறுநீர்க் குழாயை அது நெருக்குவதற்கு நீண்ட காலம் ஆகும். தொந்தரவு இல்லை என்பதை நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. சைக்கிள் ஓட்டத்தில் ஆறு ஒலிம்பிக் தங்கம் வென்ற கிறிஸ் ஹோய்க்குத் தோள்வலி என்று பார்த்தபோதுதான் எலும்புவரை பரவிய புராஸ்டேட் புற்றுநோய் தெரிய வந்தது. அவருடைய தந்தைக்கும் தாத்தாவுக்கும் அது இருந்திருக்கிறது.

இனி, ‘இதையெல்லாம் பொதுவில் பேசலாமா’ என்ற மரியாதைக்காரர்கள். 2023 டிசம்பரில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் லாய்டு ஆஸ்டின் புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டதைத் தம் அதிபரிடமே மறைத்தார். சிக்கலாகி மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. ஓர் இராணுவத்தையே நடத்தியவருக்கும் இந்த ஒரு சொல்லை வாயால் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதமே, 2024 ஜனவரியில், பிரிட்டன் மன்னர் சார்லஸ் தமக்குப் புராஸ்டேட் வீக்கம் என்று வெளிப்படையாக அறிவித்தார். அந்நாட்டு அரசு மருத்துவ இணையதளத்தில் அது பற்றிய பக்கத்தைப் பார்த்தவர்கள் பல மடங்கு கூடினார்கள். மன்னருக்கு இல்லாத மானம் நமக்கு இருக்கிறது போலும்.

எனக்குப் ‘பிஎஸ்ஏ அண்ணாச்சி’ என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். முதலில் வலித்தது, இப்போதும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில் எனக்கு மூன்று பேரிடமிருந்து தனிச்செய்தி வந்தது. மூவரும் கேட்டது ஒன்றேதான்: எந்த மருத்துவர், என்ன சொல்லிப் பரிந்துரைக் கடிதம் வாங்குவது, விரல் பரிசோதனை கட்டாயமா. அவர்களில் ஒருவருடைய சிரிப்பு கூட்டத்தில் மற்ற எல்லாரையும் விட உரக்கக் கேட்டது. பெயர் சொல்லமாட்டேன், அண்ணா, நிம்மதியாக உறங்குங்கள். முதல் கட்டத்தில் பெரும்பாலும் இரத்தச் சோதனையே போதும் என்று உங்களுக்கு மரியாதையாகவே பதில் எழுதினேன். அந்தப் பதிலை அங்கேயே, அந்த மனிதர் கேமராவை அணைப்பதற்கு முன், நாற்பது பேர் முன்னிலையில் சொல்லியிருந்தால் உங்கள் கேள்விக்கும் விடை அங்கேயே கிடைத்திருக்கும்.

அந்த நண்பர் குழுவிலிருந்து விலகிவிட்டார். திங்கட்கிழமை அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவருடைய தந்தை எழுபதைத் தாண்டுவதற்கு முன் ‘முதுகு எலும்பில் ஏதோ’ வந்து இறந்தார் என்று அப்போதுதான் சொன்னார். அதைச் சொல்லத்தான் சனிக்கிழமை வந்திருந்தார், சொல்ல விடவில்லை நீங்கள். வியாழக்கிழமை காலை அவருக்குக் குடும்ப மருத்துவரிடம் நேரம் கிடைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கும் சொல்லி வைத்துவிட்டோம். முந்தைய இரண்டு நாள் மிதிவண்டி வேண்டாம் என்று சொன்னதற்கு, ‘எனக்கு மிதிவண்டி ஓட்டவே தெரியாது ஐயா’ என்று சொல்லிச் சிரித்தார்.