மைலோ டின்னுல இருந்த பேப்பர்

பழைய காருக்கு ஒரிஜினல் பேப்பர் இருந்தா மதிப்பே வேறன்னு எழுதியிருக்கீங்க, நூத்துக்கு நூறு உண்மைங்க. மலேசியாவுல பட்டர்வொர்த்துல எங்க தாத்தாவோட மோரிஸ் மைனர் கார் இன்னும் வீட்டுலதான் நிக்குது, கூடவே ஒரு மைலோ டின்னுல பழைய கிராண்ட் (அதாவது வண்டியோட பதிவுப் பத்திரம்), வாங்குன ரசீது, ஒர்க்‌ஷாப் பில்லுங்க எல்லாம் மஞ்சளாகிப் போயி, ஒரு பில்லுல கிரீஸ் கைரேகைகூட அப்படியே இருக்கு. வாங்கலாம்னு பார்க்க வந்தவரு பெயிண்ட்ட கவனிக்கவே இல்ல, சேசி நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டும் கிராண்ட்டோட ஒத்துப்போகுதான்னு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுதான் விலையே பேசுனாரு. இங்கிலாந்துல பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துல கேட்டா ஃபேக்டரி ரெக்கார்ட பார்த்து மோரிஸுக்கு சர்ட்டிபிகேட் தர்றாங்க, நல்ல விஷயம், ஆனா அதுக்கப்புறம் யாரு ஓட்டுனா எப்படி பார்த்துக்கிட்டாங்கன்னு அது சொல்லாதுல்ல, அது தாத்தாவோட பில்லுலதான் இருக்கு. நாங்க விக்கல.