நான் கேட்டது ஸ்மார்ட் போர்டு இல்லை

பள்ளிக்கு நிதி கேட்டு ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்திருந்தேன். வெள்ளிக்கிழமை அவர்கள் வைத்த கூட்டத்தில் ஸ்மார்ட் போர்டு தருகிறோம் என்றார்கள், நான் கேட்டது அது இல்லை என்றேன். நடந்ததை இங்கே இரண்டே வரியில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த பின்னூட்டங்களைப் படித்த பிறகு விரிவாக எழுதாமல் இருக்க முடியவில்லை. "சும்மா தருகிறேன் என்கிறார்கள், வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே டீச்சர், எதற்கு இந்த வீறாப்பு?" என்று என்னோடு வேலை பார்த்தவர்களே கேட்டிருக்கிறீர்கள். எனக்கு வீறாப்பெல்லாம் கிடையாது. கேட்டது ஒன்று, தருகிறேன் என்பது வேறொன்று. அதைத்தான் சொன்னேன்.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. 43 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒன்று முதல் மூன்று வரை எனக்கு, நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியருக்கு. அவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் ஐந்தும் எனக்கு. இந்த நிலைமையில் கணக்குக்காக 68,000 ரூபாய் கேட்டு விண்ணப்பித்தேன். 18,000 ரூபாய்க்குப் பொருட்கள்: குச்சிக் கட்டுகள், மணி கோத்து எண்ணும் ஆணிமணிச் சட்டம், விளையாட்டு ரூபாய் நோட்டு, அளவுக் குவளைகள், இன்னும் சில. மீதி 50,000, எங்கள் ஊரிலேயே பட்டப்படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, மாதம் 5,000 வீதம் பத்து மாதம். தினமும் ஒன்றரை மணி நேரம் கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளோடு அவள் உட்கார வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

பதில் என்ன தெரியுமா? ஆளுக்குச் சம்பளம் தர முடியாது, அசெட்டாக, அதாவது நிலைத்து நிற்கும் சொத்தாக இருந்தால்தான் தருவோம். குச்சியும் மணியும் பழைய ஐடியா, இதில் இன்னோவேஷன் எங்கே? வேண்டுமானால் ஒரு ஸ்மார்ட் போர்டு தருகிறோம். அந்த போர்டின் விலை நான் கேட்டதைவிட இரண்டு மடங்கு!

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதுவான். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இப்படித்தான் எழுதினான். 2-லிருந்து 7 போகாது, அதனால் 7-லிருந்து 2-ஐக் கழித்துவிடுவான். பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாம்தானே. பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்றால் வாங்குவான், ஆனால் வாங்கிய ஒன்று எப்படிப் பத்தாக மாறியது என்று அவனுக்குப் புரியாது. "கடன் வாங்குனா திருப்பிக் குடுக்கணும்ல டீச்சர்?" என்று கேட்டான். அவன் அம்மாவும் அப்பாவும் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள், வீட்டில் கடன் என்ற சொல்லை நன்றாகத் தெரிந்த பிள்ளை.

ஒரு நாள் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு, ஐந்து கட்டும் இரண்டு உதிரியுமாக அவன் முன்னால் வைத்தேன். இதிலிருந்து 27 எடுத்துக் கொடு என்றேன். இரண்டு கட்டைக் கொடுத்தான். உதிரி இரண்டையும் கொடுத்தான். அப்புறம் மிச்சமிருந்த மூன்று கட்டையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நான் வாயே திறக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "டீச்சர், கட்டைப் பிரிக்கலாமா?" என்றான். பிரிடா என்றேன். ரப்பர் பேண்டை உருவி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு ஐந்து குச்சியை எண்ணிக் கொடுத்தான். இரண்டு கட்டு, ஐந்து குச்சி மிச்சம். இருபத்தஞ்சு என்று அவனே சொன்னான்.

இதற்கு எனக்கு நாற்பது நிமிடம் ஆனது, ஒரே ஒரு பையனுக்கு. அவனைப் போல அதே வகுப்பில் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். அந்த நாற்பது நிமிடத்துக்குத்தான் ஆள் கேட்டேன். எந்த போர்டு அந்தப் பையன் வாய் திறக்கும்வரை காத்திருக்கும்?

விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தால் இன்னும் வயிறு எரியும். பயனாளிகள் எண்ணிக்கை குறைந்தது 1,000. பெயர்ப்பலகை எங்கே வைப்பீர்கள்? திறப்பு விழாவுக்கு யார் வருவார்கள்? புகைப்படம் எத்தனை அனுப்புவீர்கள்? எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் கணக்கில் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று கேட்க ஒரு கட்டம் கிடையாது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடிவிட்டேன், கிடையாது. கணக்கை மேம்படுத்தத்தான் நிதி என்று மேலே தலைப்பு மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

அரசு நிதி வருகிறதே, ஏன் அடுத்தவரிடம் கையேந்த வேண்டும் என்கிறார் ஒருவர். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு 25,000 ரூபாய் பள்ளி மானியம். மின்கட்டணம், சுண்ணாம்பு, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, பினாயில் என்று எல்லாம் அதில்தான் நடக்க வேண்டும். அதுவும் நேரத்துக்கு வந்தால். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரத் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து பயிற்சிநூல் இருக்கிறது, பிள்ளைகளின் திறனைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம், நல்ல திட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரும்பில் இருக்கும் பிள்ளையை மொட்டுக்குக் கொண்டுபோக ஒரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டுமே!

அவர்கள் பணம், அவர்கள் இஷ்டம் என்கிறார் இன்னொருவர். அப்படி முழுசாகச் சொல்லிவிட முடியாது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவில் வருகிற பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும். அதில் கல்வியும் ஒன்று. மனமிரங்கிப் போடும் பிச்சை மாதிரி ஏன் பேசுகிறீர்கள்? பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் எவ்வளவு தெரியும் என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஏசர் (ASER) கணக்கெடுப்பில் நாடு முழுக்கக் கிராமத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் கழித்தல் போடத் தெரிந்தவர்கள் 2024-இல் மூன்றில் ஒரு பங்குதான். அதுவும் கடன் வாங்கும் இரண்டு இலக்கக் கழித்தல்தான். என் பையன் மாட்டிக்கொண்ட அதே இடம். இது ஒரு பள்ளியின் பிரச்சினை இல்லை ஐயா.

உங்கள் பிள்ளை எங்கே படித்தது என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். என் மகள் ஐந்தாம் வகுப்புவரை மெட்ரிக் பள்ளியில் படித்தாள், அப்புறம் அரசுப் பள்ளி. இதை நான் மறைத்ததே இல்லை. அதனால் என் பள்ளியில் இருக்கும் 43 பேருக்குக் குச்சி கேட்கக்கூடாதா? சம்பளம் வாங்குகிறீர்களே, அதில் வாங்கிக்கொடுங்கள் என்பவருக்கு: வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன் தம்பி, வந்த நாளிலிருந்து. கணக்கு எழுதி வைக்கவில்லை, உங்களுக்குக் காட்டவேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

எனக்கு வலித்தது வேறு. அந்தக் கூட்டத்தில் நான் தமிழில் பேச ஆரம்பித்ததும், "மேடம், இங்கிலீஷில் சொன்னால் எல்லாருக்கும் புரியும்" என்றார்கள். உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் தமிழ்க்காரர்கள். கட்டைப் பிரிக்கலாமா என்று அவன் கேட்டதை ஆங்கிலத்தில் சொல்ல முயன்றேன். நாக்கு புரளவில்லை. பதினெட்டு வருடமாக வகுப்பில் நின்று பேசுகிறவள் அங்கே திக்கிக்கொண்டு நின்றேன். ஒருவர் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரர் மின்னணுத் தராசு வாங்கியதும் பழைய தட்டுத் தராசையும் எடைக்கற்களையும் பள்ளிக்குக் கொடுத்தார். படிவம் கேட்கவில்லை. 7 + 5 = ? + 4 என்று எழுதினால் கேள்விக்குறி இருக்கும் இடத்தில் 12 போடுவார்கள் பிள்ளைகள். சமக்குறி என்றால் விடை எழுது என்று அர்த்தம் அவர்களுக்கு. இடது தட்டில் ஏழும் ஐந்துமாகக் கோலிகளைப் போட்டு, வலது தட்டில் நாலு போட்டு, தட்டு சமமாக நிற்க இன்னும் எத்தனை என்று கேட்டேன். ஒவ்வொரு கோலியாகப் போட்டுப் பார்த்து எட்டில் நிறுத்தினார்கள். அந்த அண்ணன் கொடுத்தது பழைய தராசு. ஆனால் கொடுப்பதற்கு முன்னால், "கணக்குக்கு என்னம்மா வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை அதே விண்ணப்பத்தை மறுபடியும் அனுப்பப் போகிறேன். அதே 68,000, அதே குச்சி, அதே பெண். பயனாளிகள் கட்டத்தில் 43 என்றுதான் எழுதுவேன். இந்த முறை அந்தப் பையனின் நோட்டுப் பக்கத்தையும் இணைக்கிறேன், 35 என்று எழுதியதையும் அதற்குக் கீழே அவனே அடித்துவிட்டு 25 என்று எழுதியதையும்.